வுட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரு காற்சட்டை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டூங்கபியில் என் வீட்டுக் குசினியில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, உலகத்தின் மறுகோடியில் என் மகள் பொலிசிடம் மாட்டுவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காற்சட்டையைப் பற்றி வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

மகள் யுவனேஸ்வரிக்கு இருபத்தாறு வயது. தாதி வேலை. கூட வேலை செய்யும் தோழிக்குக் கலியாணம் என்று ட்ரினிடாட் போயிருந்தாள். அங்கே அப்போது வெள்ளி பின்னேரம் ஐந்து மணி. தோழி தையற்கடைக்குப் போய்விட, இவள் தனியாகத் தலைநகரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"அப்பா, இதுதான் வுட்ஃபோர்ட் ஸ்குவேர். போர்ட் ஒஃப் ஸ்பெயின்ல பழைய இடம்."

பெரிய பெரிய மரங்கள், இரும்பு வேலி, நடுவில் பழங்காலத்து நீரூற்று. தெருவுக்கு அப்பால் செக்கச்செவேலென்று பாராளுமன்றக் கட்டடம். மரத்தடியில் கரும்பலகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அரசாங்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பத்துப் பேர் அவரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்ச ஆரும் வந்து என்னவும் கதைக்கலாமாம். கனகாலமா அப்பிடித்தானாம்."

"நீ அந்தக் கூட்டத்துக்குள்ள நிக்காதை. ஆரும் படம் எடுப்பினம்."

"அப்பா, இட்ஸ் எ பார்க்."

பிறகு நீரூற்றோடு தன்னையும் காட்டுவதற்காகப் போனைத் தூர நீட்டினாள். அப்போதுதான் காற்சட்டை தெரிந்தது. ஆமிக்காரர் போடுவது போல, பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாக.

போன வருடம் பக்கத்து நகரமான பரமற்றாவில் வாங்கி வந்த நாளே அதற்குச் சண்டை. "பொம்பிளைப் பிள்ளைக்கு வடிவில்லாத உடுப்பு, இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று குதித்தேன். அது பச்சைப் பொய். பெண்பிள்ளைகள் எதை உடுத்தினால் எனக்கென்ன? என் பத்தொன்பதாவது வயதில், ஊரில் யுத்தம் நடந்தபோது, அந்தத் துணி போட்டவர்கள் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். எனக்கு அடுத்து நின்றவன் என் கூட்டாளி. அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவனைக் காணவில்லை. அவன் பெயரைக்கூட அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் வளரட்டும் என்று எங்கள் ஆட்கள் பலரும் இதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, வடிவில்லை, மரியாதையில்லை என்று கத்துவோம். பிள்ளைகளும் எங்களைப் பட்டிக்காட்டுக் கட்டுப்பெட்டிகள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"உந்தக் களிசானை ஏன் போட்டனி?" என்று கத்தினேன்.

"நான் இப்ப உங்கட வீட்டுக்குள்ள இல்லையே அப்பா." கோலைக் கட் பண்ணிவிட்டாள்.

"வளந்த பிள்ளையோட உப்பிடியே கதைக்கிறது?" என்றாள் என் மனைவி யோகராணி.

ரோசத்தோடு கதிரையில் இருந்து அந்த ஊரைப் பற்றிப் போனில் தேடினேன். பிழை பிடிக்கத்தான் தேடினேன். மூன்றாவது பக்கத்தில் கண்டேன்: அந்த நாட்டில் ராணுவத் திட்டுப் போட்ட துணியைப் பொதுமக்கள் உடுத்துவது சட்டப்படி குற்றம். சுற்றுலா வந்தவர்களும் விலக்கல்ல. அபராதம் இருக்கிறது, சிறையும் இருக்கிறது.

உடனே அவளுக்குக் கோல் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாள். நான் கிளப்பிய கோபம். திரும்ப எடுத்தேன். திரும்பவும். 'உடனே ரூமுக்குப் போய்க் களிசானை மாத்து' என்று எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி விழவில்லை.

"சிநேகிதியின்ர நம்பர் இருக்கோ?" என்றாள் யோகராணி. அவள் குரலும் இப்போது மாறியிருந்தது.

இல்லை. பிளேன் நம்பர், ஹொட்டல் பெயர், இன்சூரன்ஸ் எல்லாம் வாங்கி வைத்த எனக்கு அந்த ஒரு நம்பர் கேட்கத் தோன்றவில்லை. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? வழக்கம்போலச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். லைசென்ஸ் இருந்தது. குப்பை வாளியைத் தெருவில் வைக்கப் போனாலும் அதைக் கொண்டுதான் போவேன். யோகராணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஏழு இருபதுக்கு மகளே கோல் எடுத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, பொலிஸ் வந்து நிக்கினம். இந்த பேன்ட்ஸுக்காம். இது ஜஸ்ட் ஃபேஷன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்..."

"வாய் காட்டாதை! கையை அவைக்குத் தெரியிற மாதிரி வை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பாஸ்போர்ட் எங்க?"

"ரூமில."

அந்த ஒரு சொல்லோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. போன் கை மாறியது. திரையில் தொப்பி போட்ட பெண் பொலிஸ் ஒருத்தியின் முகம் வந்தது.

அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு யோகராணிதான் எனக்குச் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லையாம். தெரியாமல் செய்ததற்கு எச்சரிக்கையோடு விடுகிறாளாம். அந்தத் துணி அங்கே ராணுவத்துக்கு மட்டும்தானாம். பக்கத்தில் கடலை விற்கிற அம்மா ஒருத்தி இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி கொடுத்தாளாம்.

எனக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றிருக்கிறேன். கதிரை பின்னால் விழுந்திருக்கிறது. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வலது கையால் என் லைசென்ஸைப் போன் திரைக்கு நேரே பிடித்திருக்கிறேன். வாயில் வந்தது சிங்களம். "மாத்தயா, மாத்தயா" என்று ஐயா போட்டுக் கெஞ்சியிருக்கிறேன், அந்தப் பெண்ணைப் பார்த்து. முப்பது வருடமாக நான் பேசாத மொழி.

பொலிஸ்காரி ஒன்றும் விளங்காமல் போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

யுவனேஸ்வரி திரையில் என்னைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "கையைக் கீழ விடுங்கோ. ஒருத்தரும் கேக்கேல்லை."

என்னால் விட முடியவில்லை. யோகராணி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அப்பா, நீங்கள் இந்தக் களிசானுக்குச் சண்டை பிடிச்சது வடிவில்லை எண்டதுக்காக இல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை."

அவள் நீரூற்றுக்குப் பக்கத்து வாங்கில் போய் இருந்தாள். இடுப்பில் சுற்றிய பூப்போட்ட துணியைக் கால்வரை இழுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் கரும்பலகைக்காரர் இன்னும் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ. இருக்கிறன்."

யோகராணி கதிரையை நிமிர்த்தி வைத்தாள். நான் அதில் இருந்தேன். லைசென்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

"அவன்ர பேர் பேரின்பநாதன்," என்றேன்.