கீறல் முட்டை

முட்டை மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. லாரியிலிருந்து அட்டைகளை இறக்கும்போது கீறல் விட்ட முட்டை, இறக்கியவனுக்கே சொந்தம். மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைப்பார்கள். பயில்வான் மட்டும் நின்ற இடத்திலேயே உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றிக்கொள்வான். அதனாலேயே கூட்டாளிகள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஓடு அழுக்காக இருந்தால் சட்டையில் ஒரு துடை, அவ்வளவுதான்.

"இரும்பைத் தின்னாலும் எனக்குச் செரிக்கும்டா" என்பான்.

செரிக்கவில்லை. முதலில் வயிற்றுப்போக்கு, கூடவே காய்ச்சல். அது தணிந்த கையோடு வலது விதை வீங்கி, நடக்க விடாமல் செய்தது. மனைவிதான் கைத்தாங்கலாகத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த மகானுபாவர் தொட்டும் பார்க்கவில்லை, ஒரு சோதனையும் எழுதவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு, "வெளியில பழக்கம் உண்டா?" என்றார்.

"சத்தியமா இல்ல சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. இந்த மாத்திரையை வீட்டம்மாவும் சாப்பிடட்டும்."

நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசும். அவர் பாட்டுக்கு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். போனது இவன் குடித்தனம் அல்லவா?

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாத்திரையை ஜன்னல் வழியாக வீசினாள். அவன் அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். கையைத் தட்டிவிட்டாள்.

"நெருப்பில்லாம புகையுமா?"

தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து கட்டிலருகில் நின்று, "எவ அவ?" என்று கேட்டான். பயில்வானுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

வீக்கம் முற்றிச் சீழ் கட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார்.

"சால்மொனெல்லான்னு ஒரு கிருமி. வயித்துப்போக்கு உண்டாக்குமே, அதுதான். குடல்லேருந்து ரத்தத்துல ஏறி அங்க போய் உக்காந்திருக்கு. ஆரோக்கியமான ஆம்பளைக்கு இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். எதையாவது பச்சையா சாப்பிடுவீங்களா?"

"முட்டைம்மா. கீறல் விட்டது."

"அதுலதான் வந்திருக்கணும். வெளிப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மனைவியின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதாங்க. டாக்டரே சொல்லும்போது யாருதான் நம்ப மாட்டா?"

அவன் கையை உருவிக்கொண்டான்.

"முன்னபின்ன தெரியாதவன் ஒரு வார்த்தை சொன்னான், நம்பின. கூட வாழ்ந்தவன் உன் தலைமேல கைவெச்சுச் சொன்னேன், நம்பல. இன்னைக்குக் கிருமி வந்து சாட்சி சொன்னதும் நம்புற. அது சிக்காம போயிருந்தா?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படியிறங்கினான்.