எட்டாவது வரி நார்மல்

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது 'நார்மல்' என்று டைப் அடிக்கிறவள் நான். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை, பன்னிரண்டு வருஷமாக. டாக்டர் படத்தைப் பார்த்து ரெக்கார்டரில் பேசுவார். நாங்கள் காதில் மாட்டிக்கொண்டு அடிப்போம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிப்பேன். டாக்டர் சொன்னால், 'இங்கே சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம். எழுபது வயசுக்காரரின் தேய்ந்த எலும்பைப் பார்த்து 'வயசுக்கு நார்மல்' என்பார். அதாவது கெட்டுத்தான் போயிருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான். ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களுக்கோ ஒரே அர்த்தம்: பிழைத்தோம்.

அக்கா வீட்டில் அதற்கு இன்னொரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். நடிப்பு.

அக்காவுக்கு மூன்று மாதமாக வலது கை மரத்துப் போகிறது. டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. தலைவலியும் சேர்ந்துகொண்டதால் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் சென்டரிலேயே எடுத்தோம். சொந்தக்காரர் ரிப்போர்ட்டை நாமே அடிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் பக்கத்து ஸீட்காரி அடித்தாள். அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு வேகம். எட்டு வரி. எட்டிலும் நார்மல்.

அக்கா புருஷன், அதாவது மாமா, அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிட்டார். அக்கா எதையாவது கீழே போட்டால் போதும், விரல் அந்தப் பக்கம் நீளும்.

"படிச்சுப் பாரு. மெஷினே சொல்லிடுச்சு. உனக்கு வேலை செய்ய உடம்பு வளையலை, அவ்வளவுதான்."

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏண்டி, எல்லாம் நார்மல்னா இந்தக் கைக்கு என்னடி ஆச்சு?"

ரிப்போர்ட் சரி என்றால் அக்கா பொய் சொல்கிறாள். தப்பு என்றால் அவளுக்கு ஏதோ வியாதி. நான் எதை வேண்டிக்கொள்வது? கூடப் பிறந்தவளுக்கு நோய் இருக்கட்டும் என்றா? ஒன்றும் புரியாமல் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று எட்டு வரியையும் படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். எட்டாவது வரி: கழுத்தெலும்பும் தண்டுவடமும் நார்மல். தலைக்குத்தானே எடுத்தோம், கழுத்து எங்கே வந்தது?

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். அரை நிமிஷம்கூட இல்லை. டாக்டர் மூளையைப் பற்றி ஏழு விஷயம் சொல்லி முடித்துவிட்டார். கழுத்து என்ற பேச்சே இல்லை.

"மின்னல், அக்கா ரிப்போர்ட்ல கழுத்து எப்படி வந்துச்சு?"

அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தாள். "முந்தின ஆளுக்குத் தலையும் கழுத்தும் எடுத்தாங்க. அந்த ஃபைலையே திறந்து பேரை மாத்திட்டேன் போல. நம்ம மாதிரி ஃபைல்ல எல்லா வரியிலயும் முன்னாடியே நார்மல்னு இருக்குமில்ல? டாக்டர் வேற ஏதாவது சொன்னா மாத்துவோம், சொல்லலைன்னா விட்டுடுவோம். நீங்கதானேக்கா சொல்லிக் கொடுத்தீங்க?"

நான்தான். அந்த மாதிரி ஃபைலைச் செய்து வைத்தவளும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த வருஷம், விரலுக்கு ஓய்வு கிடைக்கட்டுமே என்று எல்லா வரியிலும் அந்தச் சொல்லை அடித்து வைத்தேன். கெட்டிக்காரி என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் அக்காவின் படங்களைத் திறந்து புருவத்தைச் சுருக்கினார்.

"கழுத்தை நாம எடுக்கவே இல்லையேம்மா. பார்க்காததை யாரு நார்மல்னு போட்டது?"

"போட்டது நாங்க. கையெழுத்து உங்களது, டாக்டர்." என் வாய் எப்போது சும்மா இருந்தது?

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது. நானும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்றார். "கை மரத்துப்போகுதுன்னா கழுத்தைப் பார்த்தே ஆகணும். அவங்க டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

மத்தியானம் எடுத்தார்கள். இந்த முறை அவர் ரெக்கார்டரைத் தொடவில்லை, என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு ஓரிடத்தில் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. சரி பண்ணலாம், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

வெளியே நடையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமா, வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற முகத்தோடு. எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"அக்கா, கழுத்துல நரம்பு நசுங்குது. அதனாலதான் கை இப்படி. ரிப்போர்ட் தப்பு. நார்மல் இல்லை."

மாமா காலடியில் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். அக்கா அழுதாள். பயந்துவிட்டாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் நடிக்கலைடி," என்றாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."