கேட்டுட்டுப் பேசாதீங்க

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நிதி திரட்டும் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் எலும்பு வார்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஒரே ஒரு அறை. அதில் வேலை பார்த்தவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள், அவள் காதுபடவே. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பல வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்து, கதவு திறந்த அரை நிமிடத்துக்குள் மொத்தச் சரக்கையும் கொட்டிப் பழகிய வாய் அது.

நன்கொடை கேட்கிற வேலையில் அந்த வாய் கைகொடுக்கவில்லை. சின்னச் சின்ன நன்கொடைகள் வந்தன. பெரிய கைகள் மட்டும் வழுக்கிக்கொண்டே போயின. கடைசியாக வந்த டைல்ஸ் கம்பெனி முதலாளி, அவள் பேசப் பேசத் தலையாட்டினார், டீயை முழுதாகக் குடித்தார், "பாக்கலாம்மா" என்று எழுந்து போனார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

டீன் அவளைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டறவங்களுக்குன்னே ஒரு பயிற்சி நடக்குது. மூணு நாள். போயிட்டு வாங்க."

வீட்டில் சொன்னபோது கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "உனக்குப் பேசப் பயிற்சியா? மீனுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்த கதைதான்."

"சிரிங்க, சிரிங்க. மூணு நாள் நான் இல்லாம வீடு எப்படி இருக்கும்னு அப்பத் தெரியும்."

"அமைதியா இருக்கும்," என்றார் அவர்.

பயிற்சி நடத்தியவர் அவளுடைய தங்கை மகனைவிடச் சின்னவர். அது போதாதென்று, பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் டாக்டர் உட்கார்ந்திருந்தார். டீன் அவரையும் அனுப்பியிருந்தார், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். உள்ளங்கையில் அடங்குகிற பச்சைக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறவர். வளர்ந்த மனிதர்களைக் கண்டால்தான் அவருக்கு வார்த்தை வராது.

அவருடைய பிரிவின் நிலைமை இவளுக்குத் தெரியும். இன்குபேட்டர்களில் பாதி துணி போர்த்திச் சும்மா நின்றன. இயந்திரத்தில் பழுது இல்லை. அதற்குள் படுக்கிற குழந்தையைப் பார்க்கத் தெரிந்த நர்ஸ்கள்தான் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் உயிரோடு போய் இறங்கவில்லை.

முதல் நாளே ஒத்திகை. பயிற்சியாளர் பணக்காரராக நடித்தார். காலை நீட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ம், கேளுங்க," என்றார்.

அவள் நன்றாகத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"இல்ல சார், மொத்தமா வேண்டாம், தவணையாகூடக் குடுக்கலாம். பாதி குடுத்தாலும் போதும். இப்ப முடியலைன்னா அடுத்த வருஷம்கூட..."

"அக்கா," என்றார் அவர், "நான் இன்னும் வாயே திறக்கல. அதுக்குள்ள நீங்களே பாதியாக் குறைச்சு, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டீங்க."

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் முகம் சுட்டது.

"கேட்டுட்டுப் பேசாதீங்க. அந்த நேரம் அவங்களோடது. உள்ளுக்குள்ள என்னவோ யோசிக்கறாங்க. நீங்க பேசினா அந்த யோசனையைத் தட்டி விட்டுடறீங்க."

அடுத்தது டாக்டர். பிரிவைப் பற்றி அழகாகச் சொன்னார். கேட்க வேண்டிய இடம் வந்ததும் மின்விசிறியைப் பார்த்தார். "அது வந்து... உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா... பரவால்ல, விடுங்க," என்று நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது.

மதியம் சாப்பிடும்போது அவள் கேட்டேவிட்டாள். "ஏன் டாக்டர், என்ன ஆச்சு?"

"கேக்க வரலைங்க. நாக்கு ஒட்டிக்குது. எங்க வீட்ல பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் சர்க்கரைகூடக் கேக்க விடமாட்டாங்க. அப்படியே வளந்துட்டேன்."

"குழந்தைக்கு மூச்சு நின்னா நர்ஸ்கிட்ட டியூப் கேப்பீங்களே, அதையும் 'சிரமம் இல்லைன்னா'ன்னுதான் கேப்பீங்களா?"

அவர் கை வாய்க்குப் போகாமல் நின்றது. "அங்க கத்துவேன்."

"இதுவும் அந்த டியூப்தான் டாக்டர். கொஞ்சம் தூரத்துல இருக்கு, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பழகிப் பார்ப்போமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கேன்," என்றார் கணவர். அவள் பேசவில்லை. "லைன்ல இருக்கியா? கோபமா?" அப்போதும் பேசவில்லை. மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "முழங்கால் கொஞ்ச நாளாவே வலிக்குது. மாடிப்படி ஏறவே முடியல. சொல்லணும் சொல்லணும்னு..."

சொல்ல இடமே கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்தது. 

மறுநாள் டாக்டரிடம் போய், "நீங்க கேளுங்க, நான் வாயை மூடிக்கறேன்," என்றாள். மிச்ச நாட்கள் முழுக்க இருவரும் அதையே பழகினார்கள்.

ஊர் திரும்பி, முழங்காலைக் காட்டக் கணவரைக் கூட்டிக்கொண்டு போன அதே வாரம், லாரிக்கார அம்மாவைப் பார்க்க நேரம் கிடைத்தது. சரக்கு லாரிகள் பல வைத்துத் தொழில் நடத்துகிறவர். புதுக் கட்டடத்துக்குப் பணம் கேட்டு முன்பு போனவர்களை டீகூடக் கொடுக்காமல் அனுப்பியவர். அவருடைய ஆபீஸ் பட்டறையை ஒட்டி இருந்தது. டயர் வாசனையும் டீசல் வாசனையும் உள்ளேவரை வந்தன.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. துணி போர்த்திய இன்குபேட்டர்களைப் பற்றிச் சொன்னார். ஆம்புலன்ஸைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நர்ஸ்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி நடத்தணும். முதல் வகுப்போட முழுச் செலவையும் நீங்க ஏத்துக்கணும்."

வெளியே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கார அம்மா மேஜைக் கண்ணாடியை விரலால் தேய்த்தார். ரேடியோவின் தொண்டைவரை 'தவணையாகூட' என்ற வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டரின் நெற்றி வேர்த்தது. ஆனால் அவரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் லாரிக்கார அம்மா கடைசியில். "என் காசுல படிச்சிட்டு, அந்தப் பொண்ணுங்க அதிகச் சம்பளம்னு வெளிநாடு போயிட்டா?"

எல்லாக் கேள்விக்கும் ரேடியோவிடம் பூசி மெழுகின ஒரு பதில் உண்டு. ஒப்பந்தம் எழுதுவோம், போக விடமாட்டோம் என்று சொல்லலாம். அவள் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார்: "சில பேர் போவாங்கம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். 

அப்புறம் அந்த அம்மா சிரித்தார். "என் டிரைவருங்க மட்டும் என்ன? கிளீனரா வந்தவனுக்கு ஓட்டக் கத்துக்குடுத்து ஆளாக்குவேன், வேற கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான். மொதல்ல எனக்கு வயிறு எரியும். அப்புறம் நெனச்சுப்பேன், போனவன் எங்கயோ ஒரு லாரியை ஒழுங்காத்தானே ஓட்டிட்டு இருக்கான். இந்தப் பொண்ணும் போற இடத்துல ஒரு குழந்தையைத்தானே பாத்துக்கப் போறா?"

"ஆமாம்மா," என்றார் டாக்டர். 

"டிரைவர் இல்லாம வண்டி வாங்கி நிறுத்தின முட்டாள்தனம் நானும் பண்ணியிருக்கேன். முன்னாடி வந்தவங்க கட்டடம், கட்டடம்னாங்க. ஓட்ட ஆள் இல்லைன்னு யாரும் சொல்லலயே!" அவர் மணியை அடித்தார். "மூணு டீ கொண்டா. என் தம்பிக்கும் இந்தக் கம்பெனில பங்கு இருக்கு. அவன்கிட்ட நான் சண்டை போட்டுக்கறேன். நீங்க ஆளைச் சேருங்க."

தம்பியோடு நடந்த சண்டை ஒரு மாதம் இழுத்தது. நடுவில் வேண்டாம் என்றுகூட ஒரு செய்தி வந்தது. ரேடியோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தம்பியே வந்தார். குழந்தைகள் பிரிவைச் சுற்றிப் பார்த்தார், வாசலில் குழந்தையோடு ஆம்புலன்ஸ் ஒன்று கிளம்புவதைப் பார்த்தார். அடுத்த வாரம் கையெழுத்தானது.

பயிற்சியில் ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். வருட முடிவுக்குள் துணிகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. வேறு ஊருக்குப் போகிற ஆம்புலன்ஸ் எப்போதாவதுதான் கிளம்பியது.

ஒரு நாள் காலை லாரிக்கார அம்மா யாருக்கும் சொல்லாமல் வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். உள்ளே பயிற்சி முடித்த பெண் ஒருத்தி, விரல் தடிமன்கூட இல்லாத கையில் ஒட்டிய பிளாஸ்டரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞர், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களோடு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக் குழந்தையும் உள்ளதான் இருக்கா?"

"ஆமாப்பா," என்று உட்கார்ந்தார் அவர். "ஆறு பேர்."

அந்த இளைஞர் திகைத்து அவரைப் பார்த்தார். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து, இருவரையும் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.