பினாங்குக்கு ஒரே வண்டி

படிப்பு முடிந்து நாகேந்திரனுக்கு மலேசியாவில், பினாங்கில், ஃபாக்டரி வேலை கிடைத்தபோது சென்னை விமான நிலையம் வரை போய் வழியனுப்பியவன் எத்திராஜ்தான். திருப்பதி பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "பாரு, ஒரு நாள் நம்ம சத்தியவேட்லேர்ந்து உன் ஊருக்கு வண்டியிலயே வரேன்டா" என்று அன்று சொன்னதும் அவன்தான். அப்போது அவனிடம் சைக்கிள்கூட இல்லை.

இருபது வருடம் அது விளையாட்டுப் பேச்சாகவே இருந்தது. நாகேந்திரன் பினாங்கிலேயே வீடு வாங்கினான். எத்திராஜுக்குப் பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு வேலை நிலைத்தது, கல்யாணம் ஆனது, நல்ல மோட்டார் சைக்கிளும் வாங்கினான். இரண்டாயிரத்துப் பதினெட்டில் மணிப்பூர் எல்லையைத் தாண்டி பர்மா வழியாகத் தாய்லாந்து, மலேசியா வரை போகலாம் என்று செய்தி வந்ததும் விளையாட்டு நிஜமாகிவிட்டது. தீபாவளி லீவுக்கு நாகேந்திரன் வருவான், விசா வேலைகளை முடிப்பார்கள், தை பிறந்ததும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்புவார்கள் என்று திட்டம். எந்த ஊரில் தங்குவது, பர்மாவில் கூட வரும் வழிகாட்டியை எங்கே பிடிப்பது, வண்டியை நாடு தாண்டிக் கொண்டுபோகக் கார்னெட் என்ற சுங்க அனுமதிச் சீட்டை யாரிடம் வாங்குவது என்று ஞாயிறுதோறும் போனில் பேசினார்கள்.

ஒன்றை மட்டும் எத்திராஜ் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் வரதய்யபாளையம் ரோட்டில் லாரி ஒன்று திடீரென்று நிற்க, அவன் வழுக்கி அதன் அடியில் போய் விழுந்தான். பின்சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. முட்டியில் பட்ட அடி சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. வேலைக்குக் கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை, மனைவி யசோதாவைத் தவிர.

தீபாவளி கழிந்த மறுநாள் காலை நாகேந்திரன் தன் தம்பியின் வண்டியில் வந்து வாசலில் நின்றான்.

"வாடா, காளஹஸ்தி வரைக்கும் ஒரு ட்ரையல் போய்ட்டு வரலாம்."

எத்திராஜ் மறுக்க வழி தெரியாமல் ஹெல்மெட்டை எடுத்தான். யசோதா அவனையே பார்த்தாள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிவிட்டான். மெயின் ரோட்டைத் தொட்டதும் பின்னாலிருந்து லாரி ஹார்ன் கேட்டது. கை மரத்துப்போனது. இரண்டு காலையும் ஊன்றினான், வண்டி உதறி நின்றுவிட்டது. லாரி போன பிறகும் அவன் கிளம்பவில்லை.

முன்னால் போன நாகேந்திரன் திரும்பி வந்தான். "ஏமிரா, பெட்ரோல் இல்லியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எத்திராஜுக்கு வாய்வரை வந்தது. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பயமா கீதுடா. போன மழையில லாரிக்கு அடியில விழுந்துட்டேன். அன்னிலேர்ந்து நான் ஓட்டவே இல்ல."

நாகேந்திரன் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான்.

"அப்போ மாண்டலேல எங்க தங்கறது, எங்க துன்றதுன்னு வாரா வாரம் பேசிக்கினு இருந்தியே?"

"பேசறதுக்குப் பயம் இல்லியேடா."

நாகேந்திரன் சிரிக்கவில்லை. "விசாவுக்கு போட்டோ அனுப்புன்னு எத்தினி வாட்டி கேட்டேன், அனுப்பல" என்றான். "இவனுக்கு நம்மகூட வர இஷ்டம் இல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம இழுத்துக்கினு கீறான்னு நெனச்சேன். இருவது வருசம் வெளியூர்ல இருந்துட்டோம், இனிமே இவனுக்கு நம்ம யாரோதான்னு முடிவே பண்ணிட்டேன். இதுக்காடா?"

இப்போது சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். எத்திராஜுக்கு நெஞ்சில் ஒரு வருடமாகக் கிடந்த கனம் அப்படியே இறங்கியது.

"ஒரே வண்டியில போவலாம். நான் ஓட்றேன்" என்றான் நாகேந்திரன்.

"வண்டியில வரேன்னு சொன்னவன் நானு. பின்னால குந்திக்கினா வர்றது?"

"ஏன், பின்னால இருக்கறது வண்டி இல்லியா?"

இரண்டு வண்டிகளையும் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தவர்களைப் பார்த்ததுமே யசோதாவுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்ட்டீங்களா? அப்பாடா!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானே சொல்லலாம்னு போனை எடுப்பேன்ணா, இவரு புடுங்கி வெச்சிக்குவாரு. நெதம் வயித்துல நெருப்பு. வாங்க, ரெண்டு இட்லி துன்னுட்டு அப்புறம் போங்க."

சாப்பிட்ட பிறகு எத்திராஜின் வண்டியை நாகேந்திரன் ஓட்ட, இருவரும் கிளம்பினார்கள். முதல் லாரி கடந்தபோது பின்னால் இருந்த எத்திராஜ் நண்பனின் சட்டையை இறுக்கிப் பிடித்தான். அடுத்தடுத்த லாரிகளுக்குப் பிடி தளர்ந்தது. காளஹஸ்தியில் சாமி கும்பிட்டுவிட்டு சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உட்கார்ந்து திட்டத்தை மாற்றிப் போட்டார்கள். ஒரு வண்டி என்றால் ஒரே கார்னெட். மூட்டையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வழி பார்ப்பது, எல்லையில் காகிதம் காட்டுவது, வழிகாட்டியிடம் பேசுவது எல்லாம் எத்திராஜ் பொறுப்பு. விசா போட்டோவை அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் இரண்டு முறை, "சிரிக்காதீங்க சார்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது வெயில் இறங்கி, வயல் காற்று சில்லென்று அடித்தது. நாகேந்திரன் தாய்லாந்து ரோடுகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். பின்னாலிருந்து பதில் இல்லை. திடீரென்று அவன் ஹெல்மெட்டில் இன்னொரு ஹெல்மெட் டொக்கென்று இடித்தது.

"டேய்! தூங்கறியாடா?"

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டான். "இல்லடா, கண்ணு சொக்கிட்ச்சி. நீ சொல்லு."

நாகேந்திரன் சொல்லத் தொடங்கினான். ஒரு மைல் போவதற்குள் மறுபடியும் டொக்கென்றது. இந்தத் தடவை அவன் எழுப்பவில்லை. வேகத்தைக் குறைத்து, இடக்கையைப் பின்னால் விட்டு நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினான்.