நான்காம் பத்தி

காலரைத்தான் முதலில் தேய்க்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தபோது முதுகுப் பக்கம் பாதி முடிந்திருந்தது. அம்மா பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். பேசாமல் வாங்கி, மறுபடி முதலிலிருந்து தேய்த்திருப்பாள். திட்டினாலாவது பரவாயில்லை என்று மகளுக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

இருபத்திரண்டு வருஷம் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அம்மாவுடையது. முந்தாநாள் மத்தியானம், மூச்சு வாங்குகிறது என்று கடை ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"அக்காவுக்குப் போட்டுவிட பதினோரு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில உடுப்பைக் குடுத்தாகணும்டி. அப்பா கார்ல உக்காந்தாச்சு" என்றாள் சித்தி வாசலில் நின்று. பிறகு சட்டையைப் பார்த்து, "காலேஜுக்குப் போட்டதா? அக்காவுக்கு அதுன்னா உசுரு" என்றாள்.

உசுருதான். இந்த நீலச் சட்டையை நான்கு மாதமாக மகளால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அலமாரியில் வேறு உடுப்புகள் இருந்தும் கை ஏன் இதன் மேல் போனது என்று அவளுக்கே விளங்கவில்லை.

கல்லூரியில் முதல் வருஷத்துக் கட்டுரை வகுப்பை வெளியாட்களுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். கதையைப் படித்து, அதைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னாள். அதுவும் மகள் இருக்கிற அதே பிரிவு. என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மாவும் சொன்ன சொல் தவறவில்லை. வகுப்பில் மகளைக் காட்டிப் பேச வேண்டிவந்தால் 'அந்தப் பொண்ணு' என்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஒரே பஸ்ஸில் போய் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சந்தேகம் கேட்டாள். இரண்டு வாரத்துக்குள் வகுப்பில் இருந்த முப்பது பேரும் அவளை அக்கா அக்கா என்று சுற்ற ஆரம்பித்தார்கள். அக்காவாம்! சொந்த மகள் கடைசி பெஞ்சில் யாரோபோல உட்கார்ந்திருந்தாள். அப்படி இருக்கச் சொன்னதே தான்தான் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

மூன்றாவது வாரம் ஆசிரியை அம்மாவின் கட்டுரையை எடுத்து வகுப்பில் உரக்கப் படித்தார். மகளின் கட்டுரையில் 'நல்ல நடை. ஆனால் இதில் கதை எங்கே?' என்று எழுதியிருந்தார். பெரிய பெரிய சொற்களைத் தேடித்தேடிப் போட்டிருந்தாள் அவள். அம்மாவோ கதையில் வருகிறவள் எந்தக் கையால் கதவைத் திறந்தாள் என்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே எரிந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். படிக்க நிறைய இருக்கிறது என்று சாக்கு.

சட்டையைத் தேய்த்துக் கொக்கியில் மாட்டியபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆசிரியை. கையில் பழுப்பு நிறக் கோப்பு. வகுப்பு முடிகிறபோது ஒவ்வொருவரும் எழுதினது, திருத்தினது எல்லாவற்றையும் வைத்துக் கொடுக்கிற கோப்பு. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து, குனிந்த தலை நிமிராமல் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

கடைசிக் கட்டுரைக்கு ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு வந்த சீட்டில் அம்மாவின் பெயர்.

வகுப்பில் படித்த கதையில் காவல்காரன் ஒருவன் செத்துப்போகிறான். அவனுடைய சீருடையை அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அவன் மனைவி அதை மூன்று தடவை தேய்க்கிறாள். கதை இவ்வளவுதான். எல்லோரும் வறுமை, அதிகாரம் என்று எழுதினார்கள். அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். அம்மாவின் நான்காம் பத்தி இப்படி இருந்தது:

'ஒரு சட்டைக்கு ஒரு தடவை போதும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். முதல் தடவை சுருக்கத்துக்காக. இரண்டாம் தடவை, பார்க்கிறவர்களுக்காக. மூன்றாம் தடவை எதற்கு என்று கதை சொல்லவில்லை. கொடுத்துவிட்டால் அந்தச் சட்டை திரும்பக் கைக்கு வராது. அதனால்தான் என்று நினைக்கிறேன்.'

படித்து முடித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. இவ்வளவு நன்றாக எழுத இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கருத்துத் தாளில் 'பிடித்தது எது' என்ற இடத்தில் 'கையெழுத்து' என்று எழுதினாள். 'மாற்ற வேண்டியது எது' என்ற இடத்தில், 'நான்காம் பத்தி. இது ஆதாரம் அல்ல, கடை அனுபவம். நீக்கவும்' என்று எழுதினாள். பேனாவை அழுத்திய அழுத்தலில் அடுத்த தாள் வரைக்கும் பதிந்தது.

அம்மா நீக்கிவிட்டாள். மதிப்பெண் வந்த அன்று அம்மாவுக்கு மகளைவிட நான்கு குறைவு. அன்றைக்குச் சாப்பிடும்போது மகள் தானாகவே பேசினாள். வகுப்புக் கதை, பஸ் கதை எல்லாம் சொன்னாள். அம்மா இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். அது போன வாரம்.

ஆசிரியை உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. அழுவதற்கு இவர் யார் என்று அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. நான்கு மாதம் பழகியவர் அழுகிறார், தனக்கு இன்னும் ஒரு சொட்டு வரவில்லை.

"நல்ல பத்தி ஒண்ணை எடுத்துட்டாங்க. ஏன்னு கேக்கணும்னு இருந்தேன். நேத்துதான் கோப்பைப் பிரிச்சேன்" என்றார் ஆசிரியை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சொல்லப்போகிறார், சித்தி கேட்கப்போகிறாள், அப்பாவுக்குத் தெரியப்போகிறது.

"அதைப் படிச்சப்பதான் நீ அவங்க பொண்ணுன்னே எனக்குத் தெரிஞ்சுதும்மா. வேற யாருக்கும் காட்டல. நீ வச்சுக்கோ."

கோப்பைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சித்தி கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கருத்துத் தாளின் மூன்றாவது கட்டம் எழுதியவர் பதில் சொல்வதற்கு. தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தக் கட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதே உண்மை. இப்போது பார்த்தாள். கடைச் சீட்டு எழுதி எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து.

'கருத்து சரியில்லை. அந்தப் பத்திதான் கட்டுரையே. ஆனால் இத்தனை பேரில் அதைக் கண்டுபிடித்தது இந்தப் பொண்ணு ஒருத்திதான். நன்றாகப் படிக்கத் தெரிந்த பொண்ணு. நான் எடுத்துவிடுகிறேன். எடுத்தால் வீட்டில் பேசுவாள்.'

ஒரு தடவை படித்தாள். தாளை மடித்துக் கோப்பில் வைத்தாள். மறுபடி எடுத்து, 'பேசுவாள்' என்ற இடத்தை மட்டும் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அம்மா சிரித்த இரண்டு தடவையும் நினைவுக்கு வந்தன. எதற்குச் சிரித்தாள் என்பது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வெளியே அப்பா ஹாரன் அடித்தார். சித்தி கையில் பையோடு வந்தாள்.

"ஆச்சா? குடு."

"இன்னும் ஆகல சித்தி."

சித்தி சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. "நல்லாத்தானடி இருக்கு. இதுக்கு மேல என்ன தேய்க்கப்போற?"

அவள் சட்டையை வாங்கி மேசை மேல் விரித்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். இந்தத் தடவை காலரிலிருந்து ஆரம்பித்தாள்.