பொக்லைன் ரோட்டில் ஏறிய நாள்

சூர்யகலா பொக்லைனில் உட்கார்ந்து பள்ளம் தோண்டினால் மேஸ்திரிக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த வண்டியை ரோட்டில் ஏற்ற அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. கணவன் வெற்றிச்செல்வனுக்கு இருந்தது. கால் முறிந்த பிறகு அவனால் பெடலை மிதிக்க முடியவில்லை. திண்டிவனத்து வீட்டிலிருந்து, ஒலக்கூரில் குழாய் பதிக்கிற இடத்துக்குத் தினமும் வண்டியைக் கொண்டுபோய் விடவும், சாயங்காலம் திருப்பி எடுத்து வரவும் கொழுந்தன் கோபிதான் மனசு வைக்க வேண்டும்.

அவன் மனசு வைப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தன்னால்தான் அண்ணன் வீட்டு அடுப்பு எரிகிறது என்கிற நினைப்பு கொஞ்சம் தலைக்கேறியிருந்தது, அவ்வளவுதான். "வர்றேன் அண்ணி, பேஜார் பண்ணாதீங்க" என்பான். மேஸ்திரியோ, "இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா வேற வண்டி வச்சுக்குவேம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் சோற்றுக்கு வழியில்லை. சூர்யகலா எல்.எல்.ஆர். எடுத்து, டெஸ்டுக்குப் போய் நின்றாள். மைதானம் வரை வண்டியை ஓட்டி வந்தவனும் கோபிதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கலையரசி முன்னால் போகச் சொன்னார், அழகாகப் போனாள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும்தான் வந்தது வினை. வேலையிடத்தில் இருக்கையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, பள்ளம் தோண்டுகிற இயந்திரக் கையைத் தரையில் ஊன்றி வண்டியை இழுத்து நகர்த்துவது அவள் வழக்கம். பதற்றத்தில் இங்கேயும் கை அதையே செய்தது. மைதானத்தில் ஒரு முழத்துக்குப் பள்ளம் விழுந்தது.

"என்னம்மா பண்ற? ரோட்டுலயும் இப்படித்தான் தோண்டிக்கினு போவியா?"

"ரிவர்ஸ்தாங்க மேடம்..."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோபியும்தான். அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலையரசி சிரிக்கவில்லை. "பள்ளத்த மூடு. கண்ணாடியப் பாத்து, கியரு போட்டு ரிவர்ஸ் எடுத்துப் பழகிக்கினு அடுத்த வாரம் வாம்மா" என்றார்.

அடுத்த வாரம் தேறினாள். லைசென்ஸ் கார்டு தபாலில் வந்ததைக் கணவனைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் காலையில் அவளே வண்டியை எடுத்தாள். எதிரே முதல் பஸ் வந்தபோது வண்டியை ஓரங்கட்டி மெதுவாக்கினாள். அது தாண்டிப் போனதும் வாய்விட்டுச் சிரித்தாள். நடுவழியில் போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டாள். ஒலக்கூரில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கோபியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இன்னிக்கி வர கொஞ்சம் லேட்டாவும். மேஸ்திரிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நான் ஒலக்கூர்லதான் கீறேன் கோபி."

"பஸ்லயா போனீங்க? அப்ப வண்டி?"

"வண்டியும் இங்கதான் கீது."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"அப்ப சாயங்காலம் வண்டியெடுக்க நான் வர வேணாமா அண்ணி?"

"வீட்டுக்கு வா கோபி. சாப்பிட வா."