நூற்றெழுபது வட்டங்கள்

தேறாதது என்று ஒதுக்கிய தையல் மிஷின் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு கினுயோ உட்கார்ந்தபோது காலை பத்து மணி. துறைமுகத்துக்கு லாரி கிளம்பிப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பேக்கிங் கொட்டகை முழுக்க வைக்கோலும் மரச்சிராயும் சிதறிக் கிடந்தன. இரண்டு நாளாகக் குனிந்து குனிந்து பெட்டிக்கு ஆணி அடித்ததில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்கார ஒரு சாக்கு வேண்டும். தலைவி சும்மா உட்கார்ந்தால் கீழே வேலை பார்க்கும் எட்டுப் பெண்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் மூலையில் கிடந்த முப்பதில் ஒன்றைத் தூக்கி மேஜைமேல் வைத்து, ஒரு கந்தல் துணியை ஊசிக்கு அடியில் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பாவம், இதற்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளலாமே என்ற எண்ணம்தான்.

ஒரு குறையும் இல்லை. தையல் கோடு போட்ட மாதிரி விழுந்தது. திருப்பிப் பார்த்தாள், அடிநூலும் சீராக இருந்தது. தையல் மிஷின் விஷயத்தில் கினுயோவின் காதை ஏமாற்ற முடியாது. புருஷன் ஏறிப்போன கப்பல் பிலிப்பைன்ஸ் பக்கம் மூழ்கிய பிறகு, இந்த வேலை கிடைக்கும்வரை, நாலு வருஷம் அவளுக்கும் மகள் ரிட்சுகோவுக்கும் சோறு போட்டது ஓர் இரவல் மிஷின். அந்தப் பாழாய்ப்போன மிஷின் பத்துத் தையலுக்கு ஒன்றை விழுங்கும். ராணுவப் போர்வையைப் பிரித்து அவள் தைத்துக் கொடுத்த கோட்டுகளைக் கடைக்காரன் முகத்துக்கு நேரே உதறிக் காட்டித் திருப்பிக் கொடுப்பான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.

இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். ஐந்தாவதை எடுத்தபோது, வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்த ஹாட்சுவே துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா, பெயிலானதுங்களுக்கு மறுபடியும் பரீட்சை வைக்கிறீங்களா?"

"இது ஏன் பெயிலாச்சுன்னு பாக்குறேன்."

"அந்த வெள்ளைக்காரன்கிட்டதான் கேக்கணும். நமக்கென்ன, நூத்தெழுபது தேறிச்சுல்ல. விட்டுத்தள்ளுங்க."

நூற்றெழுபது. புதன்கிழமை சாயங்காலம் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லித் தொழிற்சாலையே ஆடியது. இத்தனைக்கும் அன்று காலைவரை யாருக்கும் நம்பிக்கை இல்லை. சண்டைக் காலத்தில் விமான எஞ்சினுக்கு வால்வு செய்த இடம் இது. நாடு தோற்ற பிறகு மிச்சமிருந்த தகட்டில் வாணலி செய்தார்கள், பிறகு சிகரெட் லைட்டர், ஒரு வருஷம் எலிப்பொறிகூடச் செய்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. இப்போதுதான், தோல்விக்கு ஆறு வருஷம் கழித்து, அமெரிக்காவுக்கு மிஷின் அனுப்பும் முதல் வாய்ப்பு. வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஹெஸ்லெட் என்ற ஆய்வாளர் வந்து இருநூறு மிஷினையும் பார்த்துவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர், போதாத காலம், முந்தின இரவு சிப்பி தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுதியிலேயே படுத்துவிட்டார். ஹெஸ்லெட் தனியாகத்தான் வந்தார். நெடுநெடுவென்ற ஆள். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறுகையில் சாக்குக்கட்டி. ஒவ்வொரு மிஷினாகத் தட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, குறி போட்டுக்கொண்டே போனார். சிலதில் வட்டம், சிலதில் டிக் அடித்த மாதிரி ஒரு கொக்கி.

வட்டம் என்றால் என்ன என்று யார் யாரைக் கேட்பது? இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எந்தக் குழந்தைக்கும் தெரியும், சரியான விடைக்கு வாத்தியார் வட்டம் போடுவார், தப்பான விடைக்குக் கொக்கி போடுவார். நோட்டு நிறைய வட்டம் வாங்கி வந்த பிள்ளைக்கு வீட்டில் அன்றைக்கு முட்டை உண்டு. சுவரோரம் வரிசையாக நின்றிருந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். வட்டம், வட்டம், வட்டம். மத்தியானத்துக்குள்ளேயே நூறைத் தாண்டியது. முதலாளி இவாட்சுகிக்குக் கண் நிறைந்துவிட்டது. போகும்போது ஹெஸ்லெட் அவரது கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார், தோளில் இரண்டு தரம் தட்டினார். முதலாளி இடுப்பு ஒடியக் குனிந்து குனிந்து நன்றி சொன்னார். அன்று எல்லாருக்கும் டீக்கோப்பையில் சாக்கே என்ற அரிசி மது கிடைத்தது. வியாழக்கிழமை சாக்குக் குறியைத் துடைத்துவிட்டுப் பேக் செய்யுங்கள் என்று பெண்களுக்குச் சொன்னது கினுயோதான். முக்கால்வாசியைத் துடைத்ததும் அவள்தான்.

ஐந்தாவது மிஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடியே இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும்போது ஒவ்வொன்றிலும் வட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றில் அடித்தட்டின் ஓரத்தில் இருந்தது. ஒன்றில் கழுத்து வளைவில், ஒன்றில் ஊசித்தண்டுக்குப் பக்கத்தில், ஒன்றில் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில். கொக்கியோ முப்பதிலும் ஒரே இடம், நெற்றியில். தேறியதற்கு வட்டம் போடுகிறவன் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடம் ஏன் தேட வேண்டும்? ஒரு வட்டத்துக்குள் மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது. சாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. அது விரிசல்.

அவன் குறையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். தோளில் தட்டியது பாராட்டு இல்லை, ஆறுதல். முப்பதுதான் தேறியிருக்கிறது. தேறிய முப்பதும் இங்கே மூலையில் கிடக்கிறது, தேறாத நூற்றெழுபதும் அவள் கையால் ஆணி அடித்த பெட்டிகளில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அவள் ஆபீஸுக்குள் நுழைந்தபோது முதலாளி மேல்கோட்டுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பத்து ரயிலில் ஹெஸ்லெட் யோகோஹாமா திரும்புகிறார், வழியனுப்பப் போக வேண்டும். மேஜைமேல் ஊர் இனிப்புப் பெட்டி ஒன்று துணியில் முடிந்து தயாராக இருந்தது. கினுயோ சொல்லச் சொல்ல அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது தெரிந்தது.

"நிச்சயமா சொல்றீங்களா, முராசேம்மா?" குடும்பப் பெயரால்தான் அவர் அவளை அழைப்பார்.

"அஞ்சு மிஷினைத் தைச்சுப் பாத்தேன். அருமையா ஓடுது."

"வேற யாருக்கு இது தெரியும்?"

"யாருக்கும் சொல்லல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வார்ப்புக்கூடத்தில் இரும்பு ஊற்றும் நேரம், புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பழைய குண்டுக் கூடும் உடைந்த பீரங்கியும் கிடைத்த விலைக்கு வாங்கி உருக்கிய இரும்பு. அதில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்.

"ஞாயித்துக்கிழமை கப்பல் கிளம்புது" என்றார். "அந்த ஆளு ஊருக்குப் போயி ரிப்போர்ட் எழுதி அது நாலு மேஜை தாண்டுறதுக்குள்ள சரக்கு நடுக்கடல்ல இருக்கும். அவர் வட்டம் போட்டாரு, நாம அனுப்பினோம். நம்ம ஊர்ல வட்டம்னா என்னன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தப்பு நம்மளுது இல்ல."

"இப்ப தெரிஞ்சுபோச்சே, முதலாளி."

"தெரிஞ்சு என்ன பண்றது, சொல்லுங்க. முப்பதை மட்டும் அனுப்பினா ஆர்டர் அதோட சரி. இங்க வேலை செய்றவங்க அறுபது பேரு. அறுபது பேர்கிட்டயும் நான் என்ன சொல்லட்டும்? நீங்க வந்து சொல்லுறீங்களா?" குரல் உயரவில்லை. கெஞ்சுகிற குரல்தான். "அடுத்த தடவை நல்லாச் செய்வோம். இந்த ஒரு தடவை வட்டம் வட்டமாவே இருக்கட்டும்."

கினுயோ கூரையை நிமிர்ந்து பார்த்தாள். இதே கட்டடம்தான், கூரை மட்டும் புதுசு. சக்கரவர்த்தி ஆட்சியின் பத்தொன்பதாவது வருஷமோ எதுவோ, தோற்பதற்கு முந்தின வருஷம், இதே இடத்தில் அவள் வால்வுகளுக்குச் சிவப்பு மையில் வட்ட முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அளவுக்கருவி பக்கத்திலேயே இருக்கும். மாதக் கணக்கு எட்டவில்லை என்றதும் ஓர் அதிகாரி வந்து அதை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். முழுசுக்கும் வட்டம் போடும்மா என்றார். போட்டாள். மணிக்கட்டு வீங்கும்வரை போட்டாள். எந்த வால்வு எந்த விமானத்தில் ஏறியது, அதில் எந்தப் பையன் உட்கார்ந்திருந்தான், யாருக்குத் தெரியும். தோற்றதும், நாட்டு மக்கள் அத்தனை பேரும் சேர்ந்து மனம் வருந்த வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அத்தனை பேரும் என்றதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது, அதுதான் உண்மை. கூட்டத்தோடு கூட்டமாக வருந்திவிட்டு ரேஷன் வரிசைக்குப் போய்விட்டாள்.

முதலாளி இனிப்புப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்னால அந்த ஆளு முகத்தைப் பாக்க முடியாது. எனக்கு உடம்பு சரியில்ல. நீங்க போயிட்டு வாங்க. ஒரு வணக்கம், பெட்டி, அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்." பிறகு, வேறு ஏதோ பேச்சு போல, "ரிட்சுகோவுக்கு மார்ச்சுல படிப்பு முடியுதுல்ல? ஆபீஸ்ல இடம் போட்டு வச்சிருக்கேன், மறக்கல" என்றார்.

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவரால் மிரட்டவும் முடியாது, குண்டு விழுந்த அன்று பெண்களைத் தள்ளிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கிய மனிதர். மிரட்டியிருந்தால் கினுயோவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

டிராமில் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது, உட்கார்ந்தால் எழ மனம் வராது என்று பயந்தாள். தொழிற்சாலைக் குடியிருப்பில் ஓர் அறை, மகளுக்கு ஒரு நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம். இதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஹாட்சுவேயின் புருஷனுக்கு ஒரு கால் இல்லை, அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. அறுபது பேர் கதையும் அவளுக்கு மனப்பாடம். இந்தப் பக்கம் அறுபது பேர். அந்தப் பக்கம் பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத யாரோ ஒருத்தி. பணம் சேர்த்து மிஷின் வாங்கி, அது மூன்றாம் மாதம் அடித்தட்டு பிளந்து, தைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கப்போகிறவள். அவள் புருஷனும் கப்பலில் போனவனாக இருக்கலாம். இருந்தால் எனக்கென்ன என்று கினுயோ நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்கவும் தெம்பு வேண்டியிருந்தது. ஒருவேளை எல்லாமே நான் தப்பாகப் புரிந்துகொண்டதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதுதான் அப்போதைக்கு அவளால் முடிந்த வேண்டுதல்.

ஹெஸ்லெட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை, பிளாட்பாரத்தில் எல்லார் தலைக்கும் மேலே அவர் தலை. மொழிபெயர்ப்பாளரைக் காணோம், இன்னும் வயிறு அடங்கவில்லை போலிருக்கிறது. கினுயோ குனிந்து வணங்கினாள், இரு கையாலும் பெட்டியை நீட்டினாள். அவருக்கு முகம் மலர்ந்தது. பேக்கிங் பெண் என்று அடையாளம் தெரிந்துகொண்டு சுத்தியல் அடிப்பது போல் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. திரும்பிப் போகலாம். ரயிலுக்கு இன்னும் ஐந்து நிமிஷம்.

அவள் திரும்பவில்லை. பெட்டிகளுக்கு நம்பர் போடும் சாக்குக்கட்டி எப்போதும் கால்சட்டைப் பையில் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சிமெண்ட்டில் ஒரு கொக்கி போட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஓகே" என்றார் அவர். அந்தச் சொல் இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். "நோ, நோ" என்று ஏதோ சொல்லி, வருத்தத்தோடு இரு கையையும் விரித்தார். அன்று முதலாளியின் தோளில் தட்டியபோது இருந்த அதே முகம். டிராம் முழுக்க வேண்டிக்கொண்டு வந்தது அத்தோடு போயிற்று.

இதோடு நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் புரியாது. குறி எதற்கு என்று தெரிந்துகொள்ள வந்த அசட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். தண்டவாளத்தில் அதிர்வு கேட்கத் தொடங்கிவிட்டது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நெருக்கிக்கொண்டு வந்தார்கள். கினுயோவின் கை சும்மா இருந்தது. அவ்வளவு அசதியாக அவள் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை, எரிந்த ஊரில் மகளைத் தேடிக்கொண்டு நடந்த அன்றுகூட.

கீழே ஒரு நீண்ட கோடு இழுத்தாள். இரண்டு பக்கமும் மேலே வளைத்தாள். நடுவில் புகைக்குழாய் வைத்தாள். முதல் வகுப்புப் பிள்ளை போடுகிற கப்பல். அதற்குள் ஒரு வட்டம் போட்டாள். இன்னொன்று போட்டாள். அவர் குனிந்து பார்த்தார், சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ வட்டத்தில் அது போயிற்று. அவர் மெதுவாகப் பெட்டியைத் தரையில் வைத்தார்.

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. யாரோ அவள் முதுகில் இடித்தார்கள், யாரோ வைதார்கள், ஒரு மரச்செருப்பு கப்பலின் முனையை மிதித்து அழித்துக்கொண்டு போயிற்று. அழிந்ததை மறுபடி இழுத்துக்கொண்டாள். அவர் அவள் பெயரோ என்னவோ கேட்டார், நிறுத்தச் சொன்னாரோ என்னவோ. அவளுக்குத் தலை நிமிரவில்லை. கப்பல் நிறைந்து இடமில்லாமல் போனதும் வெளியே போட ஆரம்பித்தாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். சாக்குக்கட்டி தேய்ந்து நகக்கண் தரையில் உரசியது. வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, ஒன்றையும் விடாமல், அவள் போட்டுக்கொண்டே போனாள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று.